இரண்டடிக் குழாயும் ஓரடிக் குழாயும்

ரஹமத் பீவிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கரண்டிதான் பேசும் என்பார்கள் ஜூஜுவாடியில். அந்த மழைக்காலம் முழுக்கக் கரண்டி ஓயவே இல்லை.

சிங்காரப்பேட்டையில் பிறந்து, லாரி ஓட்டும் முனீர் அகமதுவைக் கட்டிக்கொண்டு எல்லையோர ஜூஜுவாடிக்கு வந்தவள். விபத்தில் அவர் போன பிறகு, வீட்டின் முன்னறையில் இரண்டு அடுப்பு மூட்டி மெஸ் தொடங்கினாள். இருபது வருடமாக ஃபேக்டரிக்காரர்கள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். ஒடிசாக்காரன், ஆந்திராக்காரன், அஞ்செட்டிக்காரன், எல்லாருக்கும் ஒரே குண்டான், ஒரே மாதக் கட்டணம். ஒரு பிடி பிடிப்பவனுக்கும் கொறிப்பவனுக்கும் அதேதான். காய்ச்சலில் படுத்தவனுக்கு அதே பணத்தில் கஞ்சியும் உண்டு. ஏன் என்று இதுவரை ஒருத்தனும் கேட்டதில்லை.

மெஸ்ஸிலிருந்து பத்தடி நடந்தால் தமிழ்நாடு முடிந்து கர்நாடகா. அதே ரூபாய், அதே வரி, ஒரே தெரு, ஒரே சாக்கடை. அந்தச் சாக்கடைக்குக் குழாய் போட மட்டும் இரண்டு சர்க்கார், இரண்டு பட்ஜெட். இந்தப் பக்கத்து என்ஜினீயர் இரண்டடிக் குழாயைப் பதித்து எல்லைக் கல்லோடு நிறுத்தினார். அந்தப் பக்கத்துக்காரர் ஓரடிக் குழாயைக் கொண்டுவந்து அதில் சேர்த்துவிட்டுப் போனார். இரண்டடியில் வருகிற தண்ணீர் ஓரடியில் எப்படிப் போகும்? படித்த மகாராசர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. முதல் மழைக்கே கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு ரஹமத்தின் சமையற்கட்டுக்குள் வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் சாந்தம்மாவின் மளிகைக் கடையில் மூன்று மூட்டை அரிசி ஊறிப்போனது.

சுகாதார அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். பதினைந்து நாளில் இதைச் சரிசெய்யாவிட்டால் மெஸ்ஸுக்குப் பூட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரஹமத் இந்தப் பக்கத்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

"எங்க குழாய் சரியாத்தான் இருக்குதும்மா. எல்லைக்கு அந்தாண்ட நாங்க ஒத்த ரூபா செலவு பண்ண முடியாது. அதுக்கு ஹெட் இல்ல."

"ஹெட்டுன்னா என்னாங்க சார்?"

"இன்ன செலவு இன்ன தலைப்புலன்னு பட்ஜெட்ல இருக்கணும். இதுக்குத் தலைப்பே கிடையாது."

அந்தப் பக்கத்து அலுவலகத்தில் அதையே கன்னடத்தில் சொன்னார்கள். தண்ணீர் உங்களுடையது, அதற்கு எங்கள் பணம் எதற்கு என்றும் கேட்டார்கள். அங்கேயும் ஹெட் இல்லை. திரும்பி வந்து, நடந்ததைச் சொல்லிக்கொண்டே அடுப்பில் குழம்பை ஏற்றினாள்.

"எங்க கம்பெனி பார்ட்ஸ் போற ஐரோப்பாவுலயும் இதே கதைதாம்மா," என்றான் மகன் சாஜித். "இருபது நாட்டுக்கு ஒரே காசு. பட்ஜெட் மட்டும் தனித்தனி. ஒரு நாடு கடன்ல முழுகினா இன்னொருத்தன் ஏன் குடுக்கணும்னு சண்டை. எல்லாரும் பொதுவுல பங்கு போட்டு வெக்கலாம்னு வருஷக்கணக்கா பேசிக்கிட்டே இருக்காங்க."

"பேசட்டும். அங்கயும் எவளோ ஒருத்தி அடுப்புல தண்ணி ஏறியிருக்கும்," என்றாள் ரஹமத். குழம்புச் சட்டியில் கரண்டி ணங்கென்று விழுந்தது.

மறுநாள் காலையில் சாந்தம்மாவின் கடைக்குப் போனாள். ஒரு மாதமாக உன் தண்ணி, என் தண்ணி என்று இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

"சாந்தம்மா, யார் வீட்டுல ஏறிச்சுன்னு பாக்க வேணாம். ரெண்டு பக்கமும் கடைக்கு ஒரு பங்கு போட்டு நாமளே குழாய மாத்திடலாம். என் மெஸ்ஸு மாதிரி, தெருவுக்கே ஒரே குண்டான்."

"தண்ணியே ஏறாத மேட்டுக் கடைக்காரங்க குடுப்பாங்களாக்கா?"

"கேட்டுப் பாக்கலாம் வா."

இரண்டு பேரும் பணம் போட ஒரு தூக்குவாளியோடு படியேறிப் படியேறிக் கேட்டார்கள். மேட்டுக் கடைக்காரர்கள் முனகினார்கள், முனகிக்கொண்டே கொடுத்தார்கள். அதிகாரி கொடுத்த கெடுவின் பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பொக்லைன் வந்தது. எல்லைக் கல்லிலிருந்து ஓடை வரை அறுபதடி தூரத்துக்கு ஓரடிக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டடிக் குழாயைப் பதித்தார்கள். அன்று சாயங்காலமே மழை வெளுத்து வாங்கியது. சமையற்கட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுகாதார அதிகாரி வந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இரண்டு பக்கத்து என்ஜினீயர்களும் வந்தார்கள், அதுவும் ஒரே ஜீப்பில். எத்தனை முறை கூப்பிட்டும் தனித்தனியாகக்கூட வராதவர்கள். ஆளுக்கொரு நோட்டீஸ் நீட்டினார்கள். குழாய் இணைப்பைப் பிரித்ததற்கு இந்தப் பக்கம் ஓர் அபராதம், அனுமதியில்லாமல் சாலையைத் தோண்டியதற்கு அந்தப் பக்கம் ஓர் அபராதம்.

ரஹமத் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் வாங்கினாள்.

"சார், இந்தப் பணத்தை வாங்கி வெக்க ஹெட் இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும் இருக்குது."

அவர்கள் நிற்கும்போதே அந்த இரண்டு காகிதங்களையும் சோற்றுப் பசை தடவி, விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சாந்தம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு, அபராதத்துக்குப் பங்கு கேட்கத் தெருவில் இறங்கினாள். இந்த முறை மேட்டுக் கடைக்காரர்கள் முனகவில்லை.