என் பெயரில் சித்தியின் நீர்க்கடுப்பு

ஒன்பது வயதில் எனக்கு நீர்க்கடுப்பு வந்ததாக எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. அவர்களில் சித்தப்பாவும் ஒருவர். வந்தது எனக்கில்லை, சித்திக்கு.

அம்மாவின் தங்கையான அவள் செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் எங்களோடு தங்கி, மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் கம்பெனி கார் வரும். ஏறி உட்கார்ந்தால் ஊரின் அந்தக் கோடிவரை நெரிசல்தான். கூட வருகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அதனால் காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போவாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவளுக்கு ஒரு வரனும் கூடிவந்தது.

ஒருநாள் குளியலறையில் சித்தி அழுவது கேட்டது. உடம்புச் சூடு என்றாள் அம்மா. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள், பார்லி காய்ச்சிக் கொடுத்தாள். எரிச்சல் அடங்கவில்லை. பக்கத்து டாக்டரிடம் போனால் அபார்ட்மெண்ட் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி மெட்டுகுடாவுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவோ செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். "வாங்கம்மா, யாருக்கு என்ன?" என்று அவர் தமிழில் கேட்டதும், சந்தோஷப்பட வேண்டிய அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. தமிழ்க்காரர் காதில் விழுந்தது மாப்பிள்ளை வீடுவரை போய்விடாதா? சட்டென்று என்னை முன்னால் தள்ளி, "இவளுக்குத்தான் டாக்டர். ஒண்ணுக்குப் போனா எரியுதாம்" என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பள்ளி நாடகங்களில் மர வேஷத்துக்கு மேல் கிடைக்காதவள் நான்; வந்த வேஷத்தை விடுவேனா? டாக்டர் "எரியுதா கண்ணு?" என்று கேட்டபோது, சித்தியைப் பார்த்து அவளைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆமாம் என்பதற்கு எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கப்படி "ஹவ்" என்றேன். ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். என்னோடு பாத்ரூமுக்குள் வந்து சித்திதான் அதை நிரப்பினாள். பரிசோதித்துவிட்டு, கிருமித்தொற்று என்று டாக்டர் சொன்னார். என்னை எடைமெஷினில் நிறுத்தி, என் எடைக்குத் தகுந்த சிரப்பை எழுதிக் கொடுத்தார்.

ஆரஞ்சு மணக்கும் அந்த சிரப்பைச் சித்தி குடிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. குழந்தைக்கு அளந்த மருந்து அவளுக்கு எந்த மூலைக்கு? இரண்டொரு நாளில் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. முதுகில் விலாவுக்குக் கீழே கைவைக்க முடியாத வலி. அம்மா பயந்துபோனாள். வரனையும் தமிழ்க்காரரையும் மறந்து மறுபடி மெட்டுகுடாவுக்கே ஓடினோம்.

அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "கல்யாணம் ஆகாத பொண்ணு டாக்டர்…"

"கல்யாணத்துக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? பொம்பளைங்களுக்குச் சாதாரணமா வர்றதுதான். மறைச்சதுல இப்போ கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு." ஊசி போட்டுவிட்டுச் சித்தியிடம் திரும்பினார். "எரிச்சல் நின்னுடுச்சேன்னு மாத்திரையைப் பாதியில விடறது நக்கோ, கூடவே கூடாது. முழுக்கச் சாப்பிடணும். நல்லா தண்ணி குடி. வந்தா அடக்காதே."

"கார்ல எல்லாம் ஆம்பளைங்க டாக்டர். நிறுத்தச் சொல்ல வெட்கமா இருக்கு."

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தார். பிறகு, "வெட்கமா இருந்தாலும் சொல்லும்மா" என்று சித்தியின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

மாத்திரைகள் முடிந்தன, வலியும் போயிற்று. கேட்டவர்களிடம் அம்மா சொல்லிவைத்தபடி, வெளியில் மட்டும் நோய் என் பெயரிலேயே இருந்தது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் மோர் கொடுத்ததால் நானும் மறுக்கவில்லை.

சித்தி வேலைக்குத் திரும்பிய காலையில் கம்பெனி கார் வந்து ஹாரன் அடித்தது. அவள் வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். துப்பட்டாவெல்லாம் நனைந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அவ்வளவு தாகமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.