இரண்டு மடிப்பு மல் துணி

என் எட்டு வயதுப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. நிமிர்ந்த கதிரையில் கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கிறது. இடது கன்னத்தில் ஒன்பது புள்ளிகள். பார்க்கிறவர்கள், "சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" என்று கேட்பார்கள். ஆமென்று தலையாட்டிவிடுவேன். எனக்கு அம்மை வந்ததே இல்லை. உள்ளதைச் சொல்வதென்றால் நிறையப் பேச வேண்டும். நாலு பேருக்கு முன்னால் நிறையப் பேச எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்குக் கண்டியில், திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் வீடு. நடு அறையில் ஜன்னல் கிடையாது. பகலிலும் அங்கே சிம்னி விளக்கு எரியும். பின்கட்டுக்குப் போனால்தான் வானமும், மேகம் இல்லாத நாளில் ஹந்தானை மலையும் தெரியும்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆறு வயதில், அப்பாவும் அம்மாவும் இன்னும் இந்தியாவில் சொந்த ஊரில் இருந்தபோது, அவளுக்குப் பெரியம்மை கண்டதாம். பிழைத்துக்கொண்டாள். இடது கன்னத்தில் மட்டும் தழும்புகள் தங்கிவிட்டன. நான் கண் திறந்த நாள்முதல் பார்த்த முகம் அது. அவளுக்கு மூக்கு இருந்ததுபோல, காது இருந்ததுபோல, அவையும் இருந்தன. வீட்டில் யாரும் அவற்றைப்பற்றிப் பேசுவதில்லை. பேசாமலிருப்பதில் அம்மாதான் கெட்டிக்காரி. அக்கா கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால், அம்மாவுக்கு அடுப்படியில் உடனே ஒரு வேலை வந்துவிடும்.

அந்த வருடம் ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஜாதகம் பொருந்திவிட்டது. கடல் தாண்டி வந்து பெண் பார்ப்பது பெரிய காரியம் என்பதால், பெண்ணின் படம் ஒன்று அனுப்பும்படி மாப்பிள்ளையின் அப்பா எழுதியிருந்தார்.

படம் எடுப்பதற்கு எங்களுக்கு ஆள் இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, டவுனில் ஒரு படப்பிடிப்புக் கடையில் வேலை பார்த்தார். ஆனால் பெண்ணைக் கடைக்கு அழைத்துப்போக அம்மா சம்மதிக்கவில்லை. கடைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். இந்த இடம் தவறிப்போனால், அடுத்து வருகிறவர்கள் 'ஏற்கெனவே படம் போன பெண்ணா?' என்று கேட்பார்களாம். ஆகவே மாமா முதலாளியிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவையும் வெளிச்சப் பொடியையும் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் இருட்டான இடத்தில் படம் எடுக்க ஒரு வெள்ளைப் பொடி உண்டு. நீளக் கைப்பிடி வைத்த தகரத் தட்டில் அதைக் கொட்டி, விசையைத் தட்டினால் பொறி பறக்கும். பொஃப் என்று மின்னல் போல வெளிச்சம். பிறகு அறை முழுக்கப் புகை. அக்கா கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அலுமாரிக்குப் பின்னால் ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து மாமா படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அலுமாரியைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேற எடு" என்றாள்.

"வெளிச்சம் நேரா அறைஞ்சிருச்சு அக்கா. சின்னக் குழியெல்லாம் கெணறாட்டம் தெரியுது" என்று மாமா தாழ்ந்த குரலில் சொன்னார். "முன்னால ஒரு துணி கட்டணும். அதுக்குள்ள பூந்து வந்தா வெளிச்சம் மெதுவாயிரும். எந்தத் துணிங்கறதுதான் பார்க்கணும்."

துணி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் இருந்த வெள்ளைத் துணி வகையெல்லாம் நடு அறைக்கு வந்துவிட்டன. அக்காவைப் பக்கத்து வீட்டு அம்மாளோடு பிள்ளையார் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் அனுப்பினார்கள் என்று நான் யோசிக்கவில்லை. நான் வீட்டில் இருக்கலாம் என்று சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

மாமா மரச்சட்டம் ஒன்று செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு துணியாக அதில் கட்டி, விளக்குக்கு முன்னால் நிறுத்தி, சுவரில் விழும் தன் கையின் நிழலைப் பார்த்தார். கொசு புகாத நுளம்பு வலையைக் கட்டியபோது விரல்களின் நிழல் அப்படியே கூர்மையாக விழுந்தது. "இது கட்டுனதும் ஒன்னு, கட்டாததும் ஒன்னு." காடாத் துணியில் சுவரே இருண்டுபோனது. அப்பா உயர்ந்த ரகம் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உரசிக் காட்டினார்.

"இதைக் கட்டிப் பாரு. சீமைச் சரக்கு. கவர்மெண்டுக் கச்சேரியில இருக்கற தொரைமாருக்கே இதுலதான் சட்டை."

"தொரைக்குச் சட்டை தைக்கலாம் மச்சான். வெளிச்சம் பூராது."

"வெளிச்சத்துக்கு என்னய்யா தெரியும் துணியோட தரம்!"

கடைசியில் மாமாவுக்குப் பிடித்தது, கடையில் ஒருவரும் விலை கேட்காமல் மூலையில் கிடந்த மலிவான, மெல்லிய மல் துணி. அப்பாவுக்கு அது பெரிய அவமானம். அன்று சாயங்காலம்வரை அவர் அந்தச் சட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. துணி தீப்பிடிக்காமலிருக்க மாமா அதைப் படிகாரத் தண்ணீரில் நனைத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டார். ஒரு மடிப்பாகக் கட்டுவதா, இரண்டு மடிப்பாகக் கட்டுவதா என்பதுதான் மிச்சம். அது கைநிழலில் தெரியாது, முகத்தில்தான் தெரியும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சு. இங்க வாடா."

என்னைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். அம்மா நொய்யரிசியைக் கஞ்சியில் தோய்த்துக் கொடுத்தாள். மாமா ஒவ்வொன்றாக எடுத்து என் இடது கன்னத்தில் ஒட்டினார்.

"அது குழி, இது மேடு. ரெண்டும் எப்படிய்யா ஒன்னாகும்?" என்று கடைப் பக்கம் பார்த்தபடியே அப்பா கேட்டார்.

"நெழல் விழுதா இல்லையாங்கறதுதான் கணக்கு மச்சான். கேமராவுக்குக் குழியும் ஒன்னுதான், மேடும் ஒன்னுதான்."

ஏழு நொய் ஒட்டியாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் யாராவது பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறவன் அன்று மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பின்கட்டுக் கதவு திறந்தது. வழியில் காற்றுக்குக் குடை ஒடிந்துபோனதால் அக்கா கோயிலுக்குப் போகாமலே திரும்பிவிட்டாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்றாள்.

"என்னடா மூஞ்சியில?"

"இப்ப நான்தான் நீ, அக்கா" என்றேன்.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். அக்கா அந்தக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கினாள். என் முன்னால் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து என் கன்னத்தைப் பார்த்தாள். கோலம் போடுகிறவள் புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது. ஒரு நொய்யைக் கிள்ளி எடுத்துக் கொஞ்சம் கீழே ஒட்டினாள். கிண்ணத்திலிருந்து இன்னும் இரண்டை எடுத்துக் காதோரம் வைத்தாள். அவள் கை மழையில் நனைந்து குளிர்ந்திருந்தது.

"ரெண்டு கொறைச்சலா வச்சிருந்தீங்க மாமா. இப்ப எடுங்க" என்றாள்.

மாமா இரண்டு தடவை எடுத்தார். முதலில் ஒரு மடிப்பு, பிறகு இரண்டு மடிப்பு. கடையில் கழுவிக் கொண்டுவந்தபோது, ஒரு மடிப்பில் ஒன்பது புள்ளிகளும் தெரிந்தன. இன்று என்னிடம் இருப்பது அந்தப் படம். இரண்டு மடிப்பில் ஒன்றுகூடத் தெரியவில்லை. என் கன்னம் வெண்ணெய் தடவியது மாதிரி இருந்தது. மாமா படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையில் இரண்டு சுற்று நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை இரண்டு மடிப்பு மல் துணிக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து எடுத்தார்கள். அவ்வளவு அழகான படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா அழுதாள். அப்பாகூட, "மல் துணியும் ஒன்னுக்கு ஒதவுது" என்று ஒப்புக்கொண்டார். கடிதம் எழுதி, படத்தையும் உறையில் போட்டு, ஒட்டி வைக்கும்படி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். பெரஹெரா திருவிழா நெருங்கியதால் கடையில் கூட்டம்.

அக்கா சோற்றுப் பருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் கையை விட்டு, கவிழ்த்து வைத்த அந்த முதல் படத்தை எடுத்தாள். அதையும் உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

நான் பக்கத்தில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். "அது நல்லா இல்லன்னு அம்மா சொன்னாங்களே?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நான்தானேடா" என்றாள். "நீ எழுது."

நான் எழுதினேன். ஒரு படம் கேட்டவர்களுக்கு இரண்டு படம் அனுப்புகிறாள், நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அம்மா தபால்காரர் வரும் நேரத்தில் கடைப் பக்கமே நின்றாள். அக்கா சோறு குறைவாகச் சாப்பிட்டாள். ஒருநாள் என் வாய்ப்பாட்டைத் திருத்தும்போது ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதினாள்.

உறை வந்தபோது கனமாக இருந்தது. உள்ளே படம் திரும்பி வந்திருக்கிறது என்று அம்மா தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெண் படங்கள் இரண்டும் கிடைத்தன. மகன் ஒன்றை வைத்துக்கொண்டான். மற்றதை இத்துடன் திருப்பியிருக்கிறோம். ஆவணி கடைசியில் பரிசம் போட வருகிறோம்.

"ரெண்டா? நான் ஒன்னுதானே வச்சேன்?" என்றார் அப்பா.

உறையிலிருந்து விழுந்தது மல் துணிப் படம்.

அம்மா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து புடவைகளைத் தூக்கிப் பார்த்தாள். மெதுவாக மூடினாள். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா அவளிடம் போனாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அக்காவின் இடது கன்னத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த மாமாவுக்குக் கல்யாணச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம். "எடுத்ததுலயே நல்ல படத்தைத் திருப்பிட்டாங்களே! வாத்தியாருக்கு ஒரு ரசனை வேணாம்?" என்று புலம்பினார். எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டு எடுத்த படம். படிக்காதவர்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அக்கா தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனாள். அத்தான் அப்படியொன்றும் பெரிய மகான் இல்லை. முன்கோபக்காரர், மூக்குப்பொடி போடுவார். அவர் வீட்டுக் கூடத்தில் அந்த முதல் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பெரியவனானபின் ஒரு தடவை போனபோது பார்த்தேன். மாமா சொன்னது சரிதான். வெளிச்சம் நேராக அறைந்திருந்தது.

மல் துணிப் படத்தை அம்மா கடைசிவரை அலுமாரியில் வைத்திருந்தாள், புடவைகளுக்கு அடியில்.

என் படத்தில் காதோரமாக உள்ள அந்த இரண்டு புள்ளிகளை இப்போதும் சில வேளை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். அவற்றை வைக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்தால் நினைவுக்கு வருவதில்லை. என் முகத்துக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தாள். எனக்குக் கன்னம் குறுகுறுத்தது, சிரித்தால் நொய் உதிர்ந்துவிடுமே என்று பயமாக இருந்தது. நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.