படகுக்குள் கிடந்த சம்மாட்டி

பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்கு ஒரு மணம் இருந்தது. இப்போதுதான் கழுவிவிட்ட ஆஸ்பத்திரி விறாந்தையின் மணம். நாரந்தனையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். அதனால் அந்தக் குளோரின் மணம் மூக்கில் ஏறினாலே எங்களுக்கு மனம் குளிரும்.

நல்ல தண்ணீர் வந்துவிட்டது...

அப்போது நான் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தில் ஒரு மீன் வாங்கினேன். விரல் நீளம். கறுப்பு முதுகு, சிவப்பு வால், முகம் நிறைய மீசை. "ரெட் டெயில் கட்ஃபிஷ், வளர்க்கிறது லேசு" என்றான் மீன்கடைக்காரன். அது ஒரு பிள்ளையின் உயரத்துக்கு வளரும் என்று சொல்லவில்லை. விற்கிறவனுக்கு என்ன? ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியையும் சேர்த்துத் தலையில் கட்டினான்.

அம்மா இல்லாத வீடு. நானும் அப்பாவும்தான். கடலுக்குப் போகிற வீட்டுக்குள் மீனை உயிரோடு வாங்கி வந்த முதல் ஆள் நான்.

அப்பா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உது கெளிறெல்லோ பிள்ளை? வலையில வந்தா முள்ளை முறிச்சு எறியிற சாமான். இதுக்கு ஒரு கண்ணாடி வீடே?"

ஆறு மாதத்தில் அது என் முழங்கையைத் தாண்டிவிட்டது. தொட்டிக்குள் திரும்ப இடமில்லை. மூக்கைக் கண்ணாடியில் இடித்து இடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. வாங்கிய கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். குளத்தில் விட்டால் அங்குள்ள மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். என்ஜினை விற்ற பிறகு வளவில் சும்மா கிடந்த தன் பைபர் படகைத் தேய்த்துக் கழுவினார். மாரி மழை அதை நிரப்பியது. மேலே தென்னங்கிடுகுக் கூரை. மீன் பாயாமல், காகம் கொத்தாமல் அவருடைய பழைய வலை.

பெயரும் அவர் வைத்ததுதான். "படகுக்குள்ள சும்மா கிடக்குது... சாப்பாடு தேடி வருது... மீசையும் இருக்கு. இவர்தான் எங்கட சம்மாட்டியார்!"

சம்மாட்டி என்றால் படகும் வலையும் சொந்தமாக உள்ள முதலாளி. அப்பா அப்படியொருவரிடம்தான் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் தன் பங்கு றாலில் நல்லதாக இரண்டை எடுத்து, "இந்தாரும் சம்மாட்டியார்" என்று நீட்டுவார். அது மீசையால் அவர் விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாக வாங்கும். என் கையில் ஒருநாளும் அப்படி வாங்கியதில்லை.

மாசி பிறக்க மழைத் தண்ணீர் பழுதாகத் தொடங்கியது. பெரிய மீன், பெரிய கழிவு. கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். எங்கள் பங்குப் பவுசர் தண்ணீரில் மிச்சம் பிடித்து, ஒரு பீப்பாயில் ஊற்றி இரண்டு நாள் திறந்து வைப்பேன். குளோரின் போகாவிட்டால் மீனின் செவுளை எரித்துவிடும் என்று யூடியூப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன்.

அதை அப்பாவுக்குச் சொல்லவில்லை. மறைக்கவில்லை... சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. அஞ்சாம் வகுப்போடு கடலுக்குப் போனவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குள் ஒரு திமிர் இருந்திருக்கிறது.

ஆவணியில் ஒன்பது நாள் பவுசர் வரவில்லை. கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். வாக்குக் கேட்க ஒழுங்கை ஒழுங்கையாக வாகனம் வரும். தண்ணீர் கொண்டுவர மட்டும் வாகனம் பழுது. படகில் தண்ணீர் பாதியாகி, பச்சை பிடித்து நாறியது. சம்மாட்டி றாலைத் தொடவில்லை.

பத்தாம் நாள் பவுசர் வந்தபோது நான் வேலையில் நின்றேன். நடந்ததைப் பக்கத்து வீட்டு மேரியக்கா பிறகு சொன்னா. அப்பா முதல் ஆளாக வரிசையில் நின்று, எங்கள் பங்கு முழுவதையும் நேராகப் படகுக்குக் கொண்டுபோனாராம்.

"அந்தோனி அண்ணை, உங்களுக்கென்ன விசரே? குடிக்கக் கொஞ்சம் வைச்சிட்டு ஊத்துங்கோவன்!" என்று மேரியக்கா கத்தியிருக்கிறா.

"நான் உவர்த் தண்ணி குடிச்சு வளந்தனான். அது பாவம், பழக்கமில்லாத சீவன்" என்றாராம் அப்பா.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்தேன். வாசல் படலையிலேயே அந்த மணம். என்றைக்கும் இல்லாத அளவு.

சம்மாட்டி பக்கவாட்டில் சரிந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் இரத்தமாகச் சிவந்திருந்தது. அப்பா படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"நல்ல தண்ணிதானே பிள்ளை ஊத்தினனான்... நல்ல தண்ணி..."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்களுக்கு மீனைக் கொல்ல மட்டுந்தானே தெரியும்!"

அவர் படகுக்குள் இறங்கி, இரண்டு கையாலும் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பொழுதுபடமுன் அசைவு நின்றது. இரண்டு நாள் கணக்கை அதன்பிறகுதான் அவருக்குச் சொன்னேன்.

வேலிக்கு மேலால் மேரியக்காவின் மனுசன், "கருவாடு போட்டா ஒரு மாசத்துக்குக் காணும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எத்தனையோ மீன் எங்கள் வளவில் கருவாடாகியிருக்கிறது. புதைத்தது அது ஒன்றைத்தான். அப்பா தான் உடுக்கிற சாரத்தால் சுற்றி, முருங்கைக்குக் கீழே தாட்டார்.

இப்போது எங்கள் ஒழுங்கைக்கும் குழாய் வந்துவிட்டது. மீன் வளர்க்கிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் யாராவது இந்த மீனை வாங்கலாமா என்று கேட்டால், "வாங்காதேங்கோ" என்று எழுதுகிறேன். காரணம் கேட்டால் தொட்டி அளவைச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். குழாய்த் தண்ணீரை வாளிகளில் பிடித்து, மூடாமல் முற்றத்தில் வைக்கிறார். இரண்டு நாள். பிறகு குனிந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் கோழிகளுக்கும் கறிவேப்பிலைக்கும் வார்க்கிறார்.

போன கிழமையும் சொன்னேன். "அப்பா, கறிவேப்பிலைக்கு அது ஒண்டும் செய்யாது."

"கிடக்கட்டும் பிள்ளை," என்றார். "எனக்கென்ன தெரியும்..."