எட்டாத முதுகுக்கு ஒரு விரல்நுனி மருந்து

மாசி 4: மனைவி காலமானார். பதுளையில் தகனம்.
மாசி 22: என் முதுகில் எக்சிமா மீண்டும் சிவந்தது.
மாசி 25: தோல் மருத்துவர் பழைய ஸ்டீராய்ட் களிம்பையே எழுதினார். சிவந்த இடத்தில் மட்டும், நாளுக்கு ஒரு முறை. அடங்கியதும் நிறுத்த வேண்டும்.
பங்குனி 4: முப்பத்தோராம் நாள் கிரியை நிறைவுற்றது.

களிம்பு இருந்தது, பூசுவதற்கு ஆள் இல்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே என் கை எட்டாது. அதுவரை எட்டவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கற்பிக்க வந்தவன். மனைவி கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மாலையில் நான் குளித்து வந்ததும், தம் சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை களிம்பைப் பிதுக்குவார். இரண்டு உள்ளங்கை அகலமான இடத்துக்கு அதுவே அளவென்று மருத்துவர் காட்டிக்கொடுத்திருந்தார்.

“இன்னும் கொஞ்சம் பூசுமப்பா, கடிக்குது” என்பேன், அரிப்புத் தாங்காமல்.

“ஏங்க, இது ரொட்டிக்குத் தடவுற பட்டரா? கண்டபடி போட்டா தோலு மெலிஞ்சு போயிரும். ஆடாம நில்லுங்க.”

சிவப்பு அடங்கியதும் களிம்பு அலுமாரிக்குள் போய்விடும். பிறகு நான் எவ்வளவு கேட்டாலும், வறட்சிக்கான சாதாரண கிரீம் மட்டுமே கிடைக்கும். முகத்தை வெளுப்பாக்க அந்தக் களிம்பைக் கேட்டு வந்த அயலவரிடம், “மொகத்துக்கு இது ஆகாதுங்க” என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

கிரியை முடிந்த மாலை, பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி என் சட்டையின் பின்புறத்தில் இரத்தக்கறையைக் கண்டார்.

“என்னா மச்சான், மாடு மாதிரி கதவுல முதுக ஒரசுனீங்களா?”

உரசியிருந்தேன்.

“சட்டையக் கழட்டுங்க. மருந்து எங்க? அக்கா செஞ்சத நான் செய்யக் கூடாதா?”

விரல் முழுவதும் பிதுக்கினார்.

“அவ்வளவு வேண்டாம். முதல் மடிப்பு மட்டும் காணும்.”

“இம்புட்டுதானா? அக்காவோட கஞ்சத்தனம் ஒங்களுக்கும் ஒட்டிக்கிருச்சு!”

கிரியைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு இருவரும் சிரித்தோம். கடையில் கோவா, கிழங்கு மூட்டைகள் தூக்கித் தூக்கி அவர் விரல் கரடுதட்டியிருந்தது. மெல்லிய படலமாகப் பரப்பும்படி மறுபடியும் சொன்னேன்.

“அடங்குற வரைக்கும் இங்கதான் இருப்பேன். கடைய மகன் பாத்துக்குவான்” என்றபடி கைகழுவப் போனார்.

நான் சட்டையை எடுக்கவில்லை. ‘கொஞ்சம் காயட்டுங்க’ என்று மனைவி சொல்லும் நேரம் அது.

பங்குனி 20, இன்னும் செய்யாதவை:
மருத்துவரிடம் மறுபடி முதுகைக் காட்டுவது.
குளியலறை ஆணியிலிருந்து மனைவியுடைய துவாயை எடுப்பது.
சிவப்பு அடங்கி, களிம்பையும் நிறுத்திய பிறகும் இங்கேயே இருக்கும் மச்சானை ஊருக்கு அனுப்பிவைப்பது.