சிரட்டைத் தேநீரும் நல்லதம்பி மாஸ்டரும்

உடுப்பிட்டியிலிருந்து வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. "நல்லதம்பி மாஸ்டர் மோசம் போயிட்டார், ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். யுத்தம் தொடங்கியதிலிருந்து செத்த வீடுகளுக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. ஆனாலும் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞானமும் நான் தமிழும் படிப்பித்தோம். செம்பு, பித்தளை, இரும்புக் கம்பிகளில் மெழுகால் ஆணிகளை ஒட்டி, நுனியை விளக்கில் பிடித்து, எதில் ஆணி முதலில் விழுகிறதென்று எங்களையும் கூப்பிட்டுக் காட்டுவார். "பாரும் ஐசே, செம்பு முந்தீற்றுது!" என்று துள்ளுவார்.

ஒருநாள் வகுப்பில், "நாளைக்கு நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற ஏனத்தைக் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார். மனிதர் உலோகங்களை மட்டுமே நினைத்திருக்கிறார். மற்றவர்கள் பித்தளைப் பேணி கொண்டுவர, இரண்டு பையன்கள் தேங்காய்ச் சிரட்டையோடு வந்தார்கள். ஊர் வீடுகளில் அவர்கள் சாதிக்குத் தேநீர் ஊற்றுவது அதில்தானே! வகுப்பு சிரித்தது.

மாஸ்டர் எல்லாவற்றிலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். பேணியைத் தொட்டவர்கள் கையை உதறினார்கள். சிரட்டைக்காரர் ஆறுதலாக ஏந்திக் குடித்தார்கள். "பித்தளை சூட்டைக் கைக்கு விடும், சிரட்டை மறிச்சு வைக்கும். ரண்டையும் பிடிச்சுப் பாத்தால்தான் விளங்கும்" என்றபடி தமது பேணியை அவர்களில் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, அவன் சிரட்டையில் மிச்சம் இருந்ததைத் தாம் குடித்தார்.

பொழுதுபடுவதற்குள் ஊர் திரண்டுவிட்டது. பள்ளிக்கூட முகாமையாளர், "தெரியாமல் நடந்திட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லும், வேலை இருக்கும்" என்றார்.

"சொல்லிப்போட்டு வாருமன் ஐசே, பிள்ளைகுட்டிக்காரன் நீர்" என்று நானும் மன்றாடினேன்.

"தெரிஞ்சுதானே குடிச்சனான். பரிசோதனைக்கு என்னெண்டு மன்னிப்புக் கேக்கிறது?"

வேலை போயிற்று. வேறெந்தப் பள்ளிக்கூடமும் அவரை எடுக்கவில்லை. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தே காலம் போனது. சொந்தக்காரர்கள் நல்லது கெட்டதுக்குச் சொல்வதையும் விட்டார்கள். அவர் ஒருநாளும் முறைப்பட்டதில்லை.

செத்த வீட்டில் அந்த இரண்டு பையன்களும், இப்போது வளர்ந்த ஆட்கள், படலைக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். "உவையள் உதிலை நிண்டு பாத்தால் காணும்" என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர்.

மாஸ்டரின் மனைவி தலைமாட்டிலிருந்து எழுந்தார். "என்ரை மனிசன் வேலையை விட்டது உங்களை உதிலை நிப்பாட்டவோ? உள்ளை வாங்கோ!"

அவர்கள் வந்தார்கள். பெரியவரும் இன்னும் சிலரும் எழுந்து போய்விட்டார்கள். பாடை தூக்க ஆள் போதவில்லை. முன்பக்கம் அவர்கள் இருவரும், பின்பக்கம் மாஸ்டரின் மருமகனும் நானும் பிடித்தோம்.

தோள் இன்னும் நோகிறது. போய் வாரும், ஐசே.