முன்னால் போன விண்கலம்

இன்று திருவொற்றியூரில் ஒரு கல்லூரிக் கண்காட்சி. விண்வெளியைக் கண்முன் காட்டும் வி.ஆர். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிவிட்டார்கள். கீழே பூமி, முன்னால் ஒரு விண்கலம். அதைப் பிடித்து என் கலத்தோடு இணைக்க வேண்டும்.

பஸ்ஸைத் துரத்திய பழக்கத்தில் வேகத்தைக் கூட்டினேன். என் கலம் மேலே ஏறிப் பின்தங்கியது.

“இன்னா சார், தொரத்திகினே கீறீங்க? வேகத்தைக் கொறைங்க. கீழ எறங்கினா வட்டம் சின்னது, சீக்கிரம் சுத்தி வந்து புடிச்சிடலாம்,” என்றாள் சொல்லிக்கொடுத்த மாணவி.

குறைத்தேன். நெருங்கினேன். “வந்துட்டேன்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“அதுல யாரும் இல்ல சார். ஜோடியா வந்தா இன்னொரு ஹெல்மெட் குடுப்போம். நீங்க தனியா வந்தீங்க, கம்ப்யூட்டரே ஓட்டுது.”

நன்றாகத்தான் ஓட்டியது, குறை சொல்ல முடியாது.

கண்காட்சி நாளையும் உண்டு. இங்கே என் நண்பர் பட்டியலில் இருக்கிறவர்களில் யாராவது வருகிறீர்களா? துரத்த மாட்டேன்.