பெரியவருக்குக் கங்கா ஸ்நானம்

எங்கள் அப்பா யாரையும் மடியில் உட்கார வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை, முயலைத் தவிர. பெற்ற பெண்கள் மூன்று பேர் இருந்தோம். எங்களோடு அவர் பேச்சு "பாடம் ஆச்சா?", "விளக்கேத்தியாச்சா?" என்ற அளவில் நின்றுவிடும். கோர்ட்டில் நாள் முழுதும் வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பேச்சே அலுத்துவிட்டது என்று அம்மா சமாதானம் சொல்லுவாள். ஆனால் சாயங்காலம் லஸ்ஸில் டிராமைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், தலைப்பாகையைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பார்: "பெரியவர் சாப்பிட்டாரா?"

பெரியவர் என்றால் முயல்தான். மாற்றலாகிப் போன சிநேகிதர் ஒருவர் அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போன குட்டி அது. அப்போது நான் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் அதற்கு 'பயல்' என்று பெயர். நான் பாவாடையை விட்டுத் தாவணிக்கு வந்தபோது அதற்கு ஒரு கண் பூத்துவிட்டது, பின்னங்கால்கள் மடங்க மறுத்தன. பயல் என்று கூப்பிட அப்பாவுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மரியாதை கொடுத்து 'பெரியவர்' ஆக்கிவிட்டார். அம்மாவுக்கும் அதற்கும்தான் ஆகாது. பிள்ளையாருக்குக் கட்டி வைத்த அறுகம்புல் மாலையை அது ஒருமுறை பூஜைக்கு முன்னாலேயே தின்றுவிட்டது. அந்தக் கோபம் அவளுக்குத் தீரவே இல்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் பிடித்த மழை விடியற்காலையிலும் விடவில்லை. கோலம் போட்ட மணையில் ஒவ்வொருவராக உட்கார்ந்தோம், அம்மா எண்ணெய் வைத்தாள். அன்றைக்கு எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாக ஐதீகம். அதனால் அந்தக் குளியலுக்கே கங்கா ஸ்நானம் என்று பெயர். ஜுரத்தில் படுத்திருந்தாலும் எங்கள் வீட்டில் அதிலிருந்து தப்ப முடியாது. எல்லாரும் குளித்தாயிற்று. அப்பா ஈரத்துண்டோடு கூண்டுப்பக்கம் போய் முயலைத் தூக்கிக்கொண்டு வந்து மணையில் விட்டார்.

"ஆத்துல எல்லாருக்கும் ஆச்சு. பெரியவர் மட்டும் என்ன பாவம் பண்ணினார்?"

அப்பா வேடிக்கையாகப் பேசுகிறார்! எங்களுக்கு வாயெல்லாம் பல். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அறுகம்புல்லை மறந்து, அதன் காதுகளுக்கு நடுவே விரலால் எண்ணெய் தொட்டு வைத்தாள்.

"போறும்னா, இதோட விடுங்கோ."

"நீ சும்மா இரு. வெந்நீர் விட்டா கால் பிடிப்பெல்லாம் விட்டுடும்."

வாஸ்தவத்தில் அதுதான் அவர் எண்ணம். அது நொண்டுவதைப் பார்த்து அவர் பட்ட வேதனை எங்களுக்குத் தெரியும். தவலையிலிருந்து வெந்நீரை மொண்டு, கையில் விட்டுச் சூடு பார்த்து, சீயக்காய் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு குளிப்பாட்டினார். எங்களில் ஒருத்தியையாவது அப்படிக் குளிப்பாட்டியிருக்கிறாரா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அது முரண்டு பிடிக்கவில்லை. சாதுவாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தோம்.

நனைந்ததும் அது பாதியாகிவிட்டது. இத்தனை வருஷம் நாங்கள் பார்த்ததெல்லாம் மயிர்தான். உள்ளே எலும்பும் தோலுமாக ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. அப்பா அதைத் துண்டில் சுற்றி அடுப்படிக்கு ஓடினார். அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. அவசரத்துக்கு என்ன மருந்து இருக்கிறது வீட்டில்? தீபாவளி லேகியம்தான் இருந்தது. அதை விரலில் எடுத்து அதன் வாயில் தடவினார். தெருவில் யாரோ மழைக்கு ஒதுங்கித் திண்ணையிலேயே சரவெடி கொளுத்தினார்கள். முயல் பின்னங்கால்களை ஒருமுறை உதறி நீட்டியது. அப்புறம் அசையவில்லை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் மணையில் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தது. தலையில் வைத்த எண்ணெய்கூட முழுதும் போகவில்லை. இப்போது இல்லை என்றால் எப்படி?

அப்பா துவட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னும் ஈரம் காயலை" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒருவருக்கும் அவரிடம் சொல்லத் தைரியம் இல்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. தணலில் துண்டைக் காட்டிக் காட்டித் துவட்டிக்கொண்டே இருந்தார். மயிர் காய்ந்து, உப்பி, பழையபடி வெள்ளை வெளேரென்று பெரியவராகவே ஆகிவிட்டது. சீயக்காய் வாசனை வேறு. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வெடித்தது.

அம்மாவுக்கு ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும். "கங்கா ஜலம் பட்டுன்னா போயிருக்கு. நல்ல கதிதான்" என்றாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் அவள் நாலு அடி பின்னால் போய்விட்டாள்.

மழை விட்டதும் கொல்லையில் வாழையடியில் அவரே குழி வெட்டினார். மூலையில் மஞ்சள் தடவிய புது வேஷ்டியோடு சேற்றில் மண்டியிட்டார். "புது வேஷ்டின்னா..." என்று ஆரம்பித்த அம்மா அதோடு நிறுத்திக்கொண்டாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு கூடத்து ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தார். மடி காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தானா எதிர்வீட்டு மாமா வரவேண்டும்? தீபாவளியன்று காலையில் யார் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். அவரும் வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன ஓய், கங்கா ஸ்நானம் ஆச்சா?"

அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் அப்பா, வழக்கம் தவறாமல் எழுந்து நின்று, "ஆச்சு" என்றார்.

மாமா கலகலப்பான மனுஷர். அம்மா நீட்டிய தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"உம்ம பெரியவருக்கும் ஆச்சோ?"

"ஆச்சு" என்றார் அப்பா. "நான்தான் பண்ணி வெச்சேன்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பலே! எங்கே ஓய் அவர்? நானும் ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வரேன்."

அப்பா கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். மாமா சிரித்துக்கொண்டே போனார்.